விலை வேறு, மதிப்பு வேறு

ஐபிஎல் கிரிக்கெட் பருவம் நெருங்கும்போதெல்லாம் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. இந்த முறை எதிர்பாராமல் ஒளிரப்போகும் ஆட்டக்காரர் யார்? கைப்பேசியில் தமக்கென ஒரு கற்பனை அணியை அமைத்து மகிழ்பவருக்கும், பல கோடி ரூபாயுடன் ஏலக் கூடத்தில் அமரும் அணி உரிமையாளருக்கும் இதுவே கேள்வி. பொருளியல் மாணவர்களுக்கு இது பழகிய கேள்விதான். ஒன்றின் விலையும் அதன் மதிப்பும் எப்போது பிரிகின்றன?

இதற்கு உலகறிந்த விடையைத் தந்தது அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டு. 2002-ஆம் ஆண்டில் ஓக்லாந்து அணி, நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஊதியச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டுமே செலவிட்டு, அந்த அணிக்கு நிகராக 103 வெற்றிகளைப் பெற்றது. அதன் மேலாளர் பில்லி பீன் செய்தது எளிய செயல். பந்தை ஓங்கி அடிப்பவர்களுக்கே சந்தை பணத்தைக் கொட்டியது. தவறான பந்துகளைத் தொடாமல் விட்டு, பொறுமையாக முதல் தளத்தை அடைபவர்களை அது பொருட்படுத்தவில்லை. வெற்றிக்கு இருவருமே உதவினர். விலையோ ஒருவருக்கு மட்டுமே இருந்தது. பீன் மற்றவரை வாங்கினார்.

இதே பாடத்தைத் தமிழகத்தின் இரு பந்துவீச்சாளர்களின் கதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனை 2017-இல் பஞ்சாப் அணி ரூ.3 கோடிக்கு வாங்கியது. அவருக்குக் கிடைத்தவை ஆறு ஆட்டங்கள். அவற்றில் சோபிக்காததால் அடுத்த ஆண்டே அவரது விலை ரூ.40 லட்சமாகச் சரிந்தது. வாங்கிய ஹைதராபாத் அணியும் இரண்டு பருவங்கள் அவரைக் களமிறக்கவில்லை. கட்டடக்கலை பயின்ற வருண் சக்கரவர்த்தியை 2019 பருவத்துக்கு அதே பஞ்சாப் அணி ரூ.8.40 கோடிக்கு எடுத்தது. காயமும் குறுக்கிட, அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா அணி ரூ.4 கோடிக்கு அவரைப் பெற்றது.

2020 பருவத்தில் நடராஜன் 16 விக்கெட்டுகளையும், வருண் 17 விக்கெட்டுகளையும் வீழ்த்தினர். நடராஜன் அதே பயணத்தில், ஆஸ்திரேலிய மண்ணில், மூன்று வகை சர்வதேச ஆட்டங்களிலும் அறிமுகமானார். ஓராண்டுக்குள் இவர்கள் திறன் திடீரென முளைத்துவிடவில்லை. ஆறு ஆட்டங்களையும் ஓர் ஆட்டத்தையும் கொண்டு சந்தை தீர்ப்பு எழுதியதுதான் பிழை. ஒரு பிடி அரிசியைக் கொண்டு மூட்டையை மதிப்பிடலாம். ஓர் அரிசியைக் கொண்டு முடியாது. அண்மைத் தோல்விக்காக விலை வீழ்ந்தவரைக் கண்டால், அத்தோல்வி எத்தனை ஆட்டங்களில் நேர்ந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, அவருக்கு எந்தப் பணி தரப்படுகிறது என்பது. திறன் மட்டும் போதாது. அது வெளிப்பட இடம் வேண்டும். ஏழாவதாக மட்டை பிடிப்பவர் எவ்வளவு வல்லவராயினும் அவருக்குக் கிடைப்பவை சில பந்துகளே. இறுதி ஓவர்களை வீசுபவர் ரன்களைக் கூடுதலாகக் கொடுப்பார்; ஆனால், எதிரணி துணிந்து அடிக்கும் அந்நேரத்தில் விக்கெட் வாய்ப்பும் கூடும். சராசரியை மட்டும் பார்ப்பவர் இவரைக் குறைத்தே மதிப்பிடுவார்.

மூன்றாவது, அருகிருந்து பார்த்தவர் என்ன சொல்கிறார் என்பது. சாய் சுதர்சனைக் குஜராத் அணி 2022-இல் ரூ.20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 பிப்ரவரியில் நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் கோவை அணி அவருக்குக் கொடுத்ததோ ரூ.21.60 லட்சம். பெரிய சந்தையைவிடச் சிறிய சந்தை அதிக விலை கூறியது வியப்புக்குரியதன்று. அவரை நாள்தோறும் பார்த்தவர்கள் அங்கே இருந்தனர். சில மாதங்களில் ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் அவர் 96 ரன்கள் எடுத்தார். 2025-இல் 759 ரன்களுடன் அந்தப் பருவத்தின் முதல்வரானார்.

இதன் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் பொருளை மிகையாக மதிப்பிட்டவரே. இதனைப் பொருளியலார் 'வென்றவரின் சாபம்' என்பர். ரூ.27 கோடிக்கு விலைபோன ரிஷப் பந்த், 2025 பருவத்தில் எடுத்தவை 269 ரன்கள். நடராஜனுக்கே 2024-இல் 19 விக்கெட்டுகள் வீழ்த்திய பின் ரூ.10.75 கோடி கிடைத்தது. அடுத்த பருவத்தில் அவர் ஆடியதோ மிகச் சில ஆட்டங்களே. ஆக, குறைமதிப்பு என்பது ஆளின் இயல்பன்று. விலைக்கும் திறனுக்கும் இடையே அந்த நேரத்தில் நிலவும் இடைவெளி. அந்த இடைவெளி நிலைப்பதுமில்லை. ஓக்லாந்தின் உத்தி 2003-இல் நூலாக வெளிவந்தது. 2004-லேயே அத்திறனுக்குரிய ஊதியம் உயர்ந்துவிட்டதை ஹேக்ஸ், சாவர் என்னும் இரு பொருளியலாளர்கள் காட்டினர்.

கற்பனை அணி அமைக்கும் இளைஞர்கள் இங்கே ஒன்றை உணர வேண்டும். அனைவரும் ஒரே புள்ளிவிவரத்தைப் பார்க்கும் களத்தில் ஒருவருக்கு மட்டும் கிட்டும் ஆதாயம் மிகக் குறைவு. பணம் கட்டி ஆடினால், நுழைவுக் கட்டணத்தில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே பரிசு பிரிக்கப்படும். எனவே, ஆடுவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பே எஞ்சும். இத்தகைய இணையவழிப் பண விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது வரவேற்கத்தக்கது. பணமின்றி ஆடும்போது இது நல்லதோர் அறிவுப் பயிற்சி. புள்ளியியலை இவ்வளவு ஆர்வத்துடன் கற்பிக்கும் வகுப்பறை வேறு இல்லை.

ஆனால், மிகப் பெரிய குறைமதிப்பு எந்த ஏலப் பட்டியலிலும் இல்லை. இரும்பை, வானூர், திண்டிவனம் வட்டாரங்களில் அறுவடை முடிந்த நிலங்களில் டென்னிஸ் பந்தில் ஆடும் சிறுவர்களுக்கு விலை குறைவு என்பதல்ல, விலையே இல்லை. அவர்களைப் பார்ப்பவர் இல்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் எட்டு அணிகளில் விழுப்புரத்தின் பெயர் தாங்கிய அணி ஒன்றுமில்லை. நடராஜனும் டென்னிஸ் பந்தில் தொடங்கியவரே. உள்ளூரில் ஒருவர் அவர் திறனைக் கண்டு சென்னைக்கு அழைத்துச் செல்லாதிருந்தால், ரூ.40 லட்சம் என்ற விலைகூட அவருக்குக் கிடைத்திராது.

அந்த நன்றியை மறவாத நடராஜன் தம் ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் அமைத்தார். அது 2023-இல் திறக்கப்பட்டது. ஒரு தனிமனிதர் செய்ததைக் கிரிக்கெட் சங்கமும் அரசும் மாவட்டந்தோறும் செய்ய இயலாதா? தேர்வாளர்கள் கிராமப் போட்டிகளுக்கு வந்து பார்க்க வேண்டும். வட்டத்துக்கு ஒரு முறையான ஆடுகளமாவது வேண்டும். கோடிகள் புரளும் ஏலத்தில் மலிவான மாணிக்கத்தைத் தேடும் நாம், ஊர் எல்லையில் கேட்பாரற்றுக் கிடப்பதைக் காணத் தவறலாகாது.