டிராக்டர் விளக்குச் சுற்றுகளின் பழுதறிதல்

டிராக்டர் விளக்குச் சுற்றுகளின் பழுதறிதல் என்பது டிராக்டரின் முகப்பு விளக்குகள், திரும்பு விளக்குகள், ஓட்டுநர் பலகையிலுள்ள எச்சரிக்கை விளக்குகள் ஆகியன சரிவர எரியாதபோது, குறை எவ்விடத்தில் உள்ளது என்பதை அளந்து கண்டறியும் முறையாகும். விளக்கு மங்கினால் பல்பை மாற்றுவதே பொதுவான வழக்கம். ஆனால் பல வேளைகளில் குறை பல்பில் இருப்பதில்லை. மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும் எர்த் இணைப்பில் இருக்கிறது.

கரிசல் நிலமும் விளக்குகளும்

கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி, விளாத்திகுளம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் பகுதியில் மானாவாரி வேளாண்மையே பெரும்பான்மை. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைக்கின்றனர். கரிசல் மண் காய்ந்தால் கல்லாக இறுகும். மிகுதியாக நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். உழுவதற்கேற்ற பதம் சில நாட்களே நிற்பதால், வாடகை டிராக்டர்கள் இரவிலும் ஓடுகின்றன. அவ்வேளையில் முகப்பு விளக்கு அணைந்தால் ஒருவரது உழவு மட்டுமன்று, அடுத்துக் காத்திருப்பவரது பதமும் தவறக்கூடும்.

இம்மண்ணில் மான்ட்மோரில்லோனைட்டு வகைக் களிமண் மிகுதி. இது நீரை நெடுநேரம் பிடித்து வைக்கும் இயல்புடையது. மட்காப்பின் அடியிலும் விளக்குக் கூட்டின் பின்புறத்திலும் அப்பிய சேறு, மழை நின்ற பின்னரும் இணைப்புகளை ஈரமாகவே வைத்திருக்கிறது. செம்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பும் இரும்புச் சட்டத்தில் துருவும் ஏறுகின்றன. அறுவடைக்குப் பின் நிறுத்தி வைத்த வண்டிகளில் எலிகள் வயரின் உறையைக் கடிப்பதும் உண்டு.

சுற்றின் அமைப்பு

பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பியூஸ், விளக்குச் சுவிட்சு, டிப்பர் சுவிட்சு ஆகியவற்றைக் கடந்து பல்பை அடைகிறது. திரும்பும் பாதைக்கு முழுநீள வயர் இருப்பதில்லை. வண்டியின் இரும்பு உடலே திரும்பும் வழியாகப் பயன்படுகிறது. பல்பிலிருந்து ஒரு குட்டை வயர் சட்டத்தில் திருகாணியால் முடுக்கப்படும். சட்டத்திலிருந்து ஒரு தடித்த பட்டை பேட்டரியின் எதிர்முனைக்குச் செல்லும். இத்திருகாணியின் அடியில் துருவோ வண்ணப்பூச்சோ இருந்தால் அதுவே ஒரு மின்தடையாகிவிடும்.

12 வோல்ட்டு வண்டியில் 55 வாட்டு பல்புகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கின்றன. இவ்விரண்டுக்கும் பொதுவான ஓர் இணைப்பில் 0.2 ஓம் தடை ஏற்பட்டால் ஏறக்குறைய 1.8 வோல்ட்டு அங்கேயே இழக்கப்படும். இழையுள்ள பல்பில் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். இழந்த ஆற்றல் இணைப்பிலேயே வெப்பமாகி, நாளடைவில் பிளாஸ்டிக்கு உறையை உருக்கிவிடுகிறது. இந்நிலையில் 100 வாட்டு பல்பைப் பொருத்துவது தீர்வாகாது. மின்னோட்டம் கூடி, இழப்பும் சூடும் மேலும் கூடும்.

அளக்கும் முறை

பல்மானியின் தொடர்ச்சிச் சோதனையை மட்டும் நம்புவது பரவலான பிழையாகும். 0.2 ஓம் தடைக்கும் அது மணியொலி எழுப்பும். அளவியின் கம்பிகளுக்கே அவ்வளவு தடை இருக்கக்கூடும். நூறு இழைகளில் இரண்டு மட்டும் எஞ்சிய வயரும் இச்சோதனையில் தேறிவிடும். எனவே விளக்கை எரியவிட்டு, மின்னழுத்த இழப்பை அளக்க வேண்டும்.

அளவியை வோல்ட்டுக்கு மாற்றி, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதைப் பல்பின் எர்த் முனையிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. 0.5 வோல்ட்டைத் தாண்டினால் அப்பாதையில் குறை உள்ளது. ஒரு முனையைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு மற்றதைச் சட்டம், திருகாணி, வயர் முனை எனப் படிப்படியாக நகர்த்தினால், எந்த இடத்தைத் தாண்டும்போது எண் தாவுகிறதோ அங்குதான் குறை. நேர்முனைப் பக்கத்தையும் இவ்வாறே அளக்கலாம். அங்கு இழப்பு பெரும்பாலும் விளக்குச் சுவிட்சின் தேய்ந்த தொடுமுனைகளில் காணப்படும். முகப்பு விளக்கின் மின்னோட்டம் முழுவதும் சுவிட்சு வழியே செல்லும் வண்டிகளில் ரிலே ஒன்றைச் சேர்ப்பது நல்ல பயனளிக்கும்.

பட்டறைகளில் வழங்கும் சோதனை பல்பு, அதாவது இரு வயர்கள் இணைத்த 21 வாட்டு பல்பு, எளிமையானதாயினும் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுப்பதால் வலுவற்ற இணைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வகையில் அது மணியொலிச் சோதனையினும் மேலானது. ஆனால் மின்னணுக் கட்டுப்பாட்டகம் உள்ள வண்டிகளின் உணரி வயர்களில் இதனைப் பயன்படுத்தலாகாது. இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 சனவரியில் டிரெம் 4 மாசு வரம்பு நடைமுறைக்கு வந்தபின் இத்தகைய வண்டிகள் பெருகியுள்ளன.

குழப்பும் அறிகுறிகள்

எர்த் அறுந்த விளக்கு முற்றிலும் அணைந்துவிடும் என்பதில்லை. எச்4 வகைப் பல்பில் தாழ்ஒளி, உயர்ஒளி ஆகிய இரு இழைகளுக்கும் ஒரே எர்த் முனைதான். அது அறுந்தால், தாழ்ஒளி இழையைக் கடந்த மின்னோட்டம் உயர்ஒளி இழை வழியே பின்னோக்கிச் சென்று, மறுபக்க விளக்கின் உயர்ஒளி இழை வழியாகத் தரையைத் தேடிக்கொள்ளும். ஓட்டுநர் பலகையில் உயர்ஒளியைக் காட்டும் நீல விளக்கும் அப்போது மங்கலாக எரியும். தாழ்ஒளியில் நீல விளக்கு மினுங்குவதைக் கண்டு பலர் டிப்பர் சுவிட்சை மாற்றுகின்றனர். குறை எர்த் திருகாணியிலேயே இருக்கும்.

திரும்பு விளக்கு வழக்கத்தைவிட விரைவாக மின்னினால், மின்னணு பிளாசர் உள்ள வண்டியில் ஒரு பல்பு எரியவில்லை என்று பொருள். பழைய வெப்பவகை பிளாசரில் இது தலைகீழ்: மின்னுவது மெதுவாகும் அல்லது நின்றுவிடும்.

எச்சரிக்கை விளக்குகள்

சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்காத நிலையில் சார்ஜ் விளக்கும் எண்ணெய் அழுத்த விளக்கும் எரிய வேண்டும். எரியாத எச்சரிக்கை விளக்கு நல்ல செய்தி அன்று. பல ஆல்டர்நேட்டர்களில் தொடக்கக் காந்தப்புலத்துக்கான மின்னோட்டம் சார்ஜ் விளக்கின் வழியாகவே செல்கிறது. ஆகவே அந்தச் சிறு பல்பு சுட்டுவிட்டால் ஆல்டர்நேட்டர் மின்னாக்கம் தொடங்காமலே போகலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட்டு இருப்பது இயல்பு. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பல்புகள் அடிக்கடி சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் விளக்கு எரியாவிடில், சாவி திருப்பிய நிலையில் அழுத்தச் சுவிட்சின் வயரைக் கழற்றி எஞ்சின் உடலில் தொட வேண்டும். விளக்கு எரிந்தால் சுவிட்சு பழுது. எரியாவிடில் வயரோ பல்போ பழுது. ஓடும்போது இவ்விளக்கு எரிந்தால் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். வயரிங்கைச் சோதிப்பது அதன் பின்னரே.

டிரெய்லர் இணைப்பு

ஐ.எஸ்.ஓ 1724 தரத்திலான ஏழுமுனைச் செருகியில் மூன்றாம் முனை எர்த்துக்குரியது. அதனை இணைக்காமல் விட்டால் டிரெய்லரின் மின்னோட்டம் கொக்கி முளை வழியே திரும்ப நேரிடும். கிரீசு பூசிய, அசையும் முளை நல்ல கடத்தி அன்று. மேடுபள்ளத்தில் பின்விளக்குகள் விட்டுவிட்டு எரிவது இதனாலேயே. மூன்றாம் முனைக்குத் தனி வயர் இழுத்தால் குறை நீங்கும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்கின்றன. கோவில்பட்டி வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் இரவில் மெதுவாகச் செல்லும் டிரெய்லருக்கு இது உயிர்ப் பிரச்சினை. விளக்கு நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் தொங்கும் சோளத்தட்டை அதனை மறைத்துவிடும் என்பதால் சுமை ஏற்றிய பின் மறுபடியும் பார்க்க வேண்டும்.

பியூஸ் அடிக்கடி போகும் வண்டிகளில் செம்புக் கம்பியையோ சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளையோ செருகும் வழக்கம் உள்ளது. அப்போது சுற்றில் எரிந்து அறுபடக்கூடிய பகுதி பியூஸ் அன்று, வயரே ஆகும். எலி கடித்த வயர் சட்டத்தில் உரசும் இடத்தைத் தேட, பியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட்டு சோதனை பல்பை இணைத்து, அச்சுற்றின் பல்புகளைக் கழற்றி வைக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் சோதனை பல்பு முழுவீச்சில் எரியும். பின்னர் வயர்க்கட்டை ஒவ்வோரிடமாக அசைக்கையில் எங்கு அது அணைகிறதோ அவ்விடத்தில் உறையைப் பிரித்துப் பார்க்கலாம்.