நிலாவில் ஓர் அடி... வெள்ளியில் ரெண்டு அடி!

தலைப்பைப் பார்த்துட்டு, 'வெள்ளி கிரகத்துல மனுஷன் எப்போ பாஸ் இறங்கினான்?'னு பதறாதீங்க. இது நகைக்கடை வெள்ளி. 1969 ஜூலையில் அப்போலோ 11 நிலாவில் இறங்கியதன் 50-வது ஆண்டைக் கொண்டாட, அமெரிக்க நாணயச்சாலை 2019-ல் வெளியிட்ட வெள்ளி டாலரின் கதை.

உங்க பாக்கெட்ல ஒரு நாணயம் இருந்தா எடுத்து டேபிள்மேல வைங்க. சமத்தா படுத்துக்கும் இல்லையா? இந்த டாலர் அப்படிப் படுக்காது. ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடு. 38.1 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குட்டிக் கிண்ணம்! குழிந்த பக்கத்தில் நிலா மண்ணில் பதிந்த பூட்ஸ் தடம். மேடான பக்கத்தில் பஸ் ஆல்ட்ரினின் ஹெல்மெட் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள்ளே பாருங்க... கொடி, இறங்கு கலம், போட்டோ எடுத்துக்கிட்டு நிற்கிற நீல் ஆம்ஸ்ட்ராங்! நிலாவில் பெரும்பாலும் கேமரா ஆம்ஸ்ட்ராங் கையில்தான் இருந்தது. அதனால அவரோட நல்ல ஸ்டில் ரொம்பக் குறைவு. நம்ம டூர் ஆல்பத்துல போட்டோ எடுத்த நண்பன் இருக்க மாட்டானே... அதே கதைதான்.

எதுக்கு இந்த வளைவு? ஸ்டைலுக்கா? இல்லை. ஹெல்மெட் கண்ணாடி உருண்டை. கால் தடம் பள்ளம். நாணயத்தைத் தடவினாலே ரெண்டும் விரலுக்குத் தெரியணும். 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்திலேயே 'நாணயம் வளைஞ்சுதான் இருக்கணும்'னு எழுதிட்டாங்க. எழுதுறது ஈஸி. அடிக்கிறவனுக்குத்தானே தெரியும் கஷ்டம்!

ரெண்டு மார்க் கேள்வி

மெக்கானிக்கல் மக்களே, 'காய்னிங்' ஞாபகம் இருக்கா? மேனுஃபேக்சரிங் புத்தகத்தில் ஒரு பாராவில் வந்துட்டுப் போகும். 'உலோகம் வழிந்து வெளியேறாதபடி மூடிய அச்சில், குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி உருக்கொடுப்பது'. நானும் இதை மனப்பாடம் பண்ணி, எழுதி, ரெண்டு மார்க் வாங்கி, மறந்தவன்தான். அந்த ஒத்தை வரிக்குள்ளே எத்தனை வேலை ஒளிஞ்சிருக்கு தெரியுமா?

முதல்ல டிசைன். தடம் பதித்த பக்கத்துக்குப் பொதுப் போட்டி வெச்சாங்க. ஜெயிச்சவர் மெயின் மாநிலத்துக் கலைஞர் கேரி கூப்பர். அதைச் சிற்பமாக்கியவர் ஜோசப் மென்னா. அமெரிக்க நாணயச்சாலை முதன்முதலா வேலைக்கு எடுத்த முழுநேர டிஜிட்டல் சிற்பி அவர்தான். 2019-ல் அங்கே தலைமைச் செதுக்குநராகவும் ஆனார். ஹெல்மெட் பக்கம் ஃபீபி ஹெம்ப்ஹில் என்ற சிற்பியின் கைவண்ணம்.

சிற்பம் கம்ப்யூட்டரில் ரெடியானதும், சி.என்.சி. மெஷின் அதை எஃகில் செதுக்கும். அது நாணயத்தைப் போலவே மேடுபள்ளம் உள்ள மூல உரு. அதை இன்னொரு எஃகில் அழுத்தினால் எல்லாமே தலைகீழ். மேடு பள்ளமாகும், இடது வலதாகும். இதுதான் அச்சு. இதிலிருந்து மறுபடி உரு, அதிலிருந்து மறுபடி அச்சு... மூல உரு தேயாமல் இருக்கத்தான் இத்தனை தலைமுறை. கடைசியா வர்ற பேரன்தான் பிரஸ்ஸில் ஏறி அடி வாங்குவான்!

வெள்ளிக்கும் கோபம் வரும்

அடுத்து வில்லை. 26.73 கிராம், 99.9 சதவிகிதம் சுத்த வெள்ளி. வெள்ளிக்கு ஒரு குணம்... அடிக்க அடிக்க முறைச்சுக்கிட்டு இறுகும். அதனால முதல்ல சூடேற்றி, மெதுவாக்கி, சமாதானப்படுத்தணும். அப்புறம் ஓரத்தை லேசா உயர்த்தி, மேற்பரப்பை மினுக்கி, பிரஸ்ஸில் வைக்கணும். சுத்தி ஒரு எஃகு வளையம். மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு. தப்பிக்க வழியே இல்லை!

தட்டை நாணயத்தில் அச்சு முழுசா ஒரே நேரத்தில் வில்லையில் உட்காரும். இங்கே அப்படி இல்லை. வளைந்த அச்சு முதலில் நடுவில்தான் தொடும். வில்லை வளையணும், அதே இழுப்பில் பூட்ஸ் தடத்தின் ஒவ்வொரு வரிக்கும் வெள்ளி ஓடி நிரம்பணும், ஓரத்து எழுத்துக்கும் போய்ச் சேரணும். அழுத்தம் குறைஞ்சா எழுத்து மங்கும். கூடினா அச்சு விரியும். 'ப்ரூஃப்' ரக நாணயத்துக்கு ஓர் அடி பத்தாது. குறைந்தது ரெண்டு அடி. அப்போதான் கண்ணாடி மாதிரி தரையும், பனி படர்ந்த மாதிரி உருவமும் வரும்.

பூமியே தட்டையான கதை

இந்தக் கஷ்டம் சும்மா இல்லைங்கிறதுக்கு ஒரு சாட்சி, 1971-ல் வந்த ஐசன்ஹோவர் டாலர். அதன் பின்பக்கத்தில் அப்போலோ 11 சின்னம். நிலாவில் இறங்கும் கழுகு, தூரத்து வானில் பூமி. வடிவமைத்தவர் ஃபிராங்க் கேஸ்பாரோ. சேகரிப்பாளர்களுக்கு 40 சதவிகித வெள்ளியிலும், புழக்கத்துக்குத் தாமிர-நிக்கலிலும் அடிச்சாங்க. தாமிர-நிக்கல் கலவை முரட்டு ஆசாமி. அச்சு தாக்குப்பிடிக்க, புழக்க நாணயத்தில் டிசைனின் உயரத்தைக் குறைச்சாங்க. விளைவு? நிலாவிலிருந்து பார்த்த உருண்டை பூமி, தோசை மாதிரி தட்டையாகிருச்சு! 1972-ல் அதைச் சரிபண்ணப் போய், அந்த ஒரே வருஷத்தில் பின்பக்கம் மூணு விதமா வந்தது. சேகரிப்பாளர்கள் இன்னிக்கும் லென்ஸ் வெச்சுப் பிரிச்சுப் பார்க்கிறாங்க.

அந்தப் பத்து டாலர்

'சரி, பணக்காரங்க பொழுதுபோக்கு, நமக்கென்ன?'னு கேட்கிறீங்களா? இருங்க. 2019 வெள்ளி டாலர் ஒவ்வொண்ணோட விலையிலும் 10 டாலர் கூடுதல் கட்டணம் இருந்தது. அதில் பாதி, வாஷிங்டன் வான்-விண்வெளி அருங்காட்சியகத்தின் நிலாக் கண்காட்சிக்கு. கால் பங்கு, பணியில் உயிர்விட்ட விண்வெளி வீரர்களின் நினைவு அமைப்புக்கு. மீதி கால் பங்கு, விண்வெளி வீரர் ஸ்காலர்ஷிப் அறக்கட்டளைக்கு. அதாவது அறிவியல், இன்ஜினீயரிங் படிக்கிற காலேஜ் பசங்களுக்கு!

ஆனா ஒரு கண்டிஷன். நாணயச்சாலை தன் செலவு முழுக்கத் திரும்ப வந்த பிறகுதான் அந்தப் பணத்தைக் கொடுக்கணும். வில்லை வீணானாலும், அச்சு விரிஞ்சாலும் செலவு ஏறும். ஆக, எங்கேயோ ஒரு பிரஸ் ஆபரேட்டர் அழுத்தத்தைச் சரியா வைக்கிறதுல, முகம் தெரியாத ஒரு மாணவனோட செமஸ்டர் ஃபீஸும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

நிலாவில் காத்து கிடையாது, மழை கிடையாது. அங்கே பதிஞ்ச தடம் இன்னும் பல லட்சம் வருஷம் இருக்குமாம். பூமியில் அப்படி ஒரு தடம் நிலைக்கணும்னா, யாராவது மெனக்கெட்டு அடிச்சாத்தான் உண்டு.

அடுத்த தடவை 'காய்னிங்' கேள்வி வந்தா, ரெண்டு மார்க்குதானேனு தாண்டிப் போயிடாதீங்க பாஸ்!