லாரி ஏறினால் சாலை வளையும்

கீழவைப்பார் பக்கத்து உப்பளங்களிலிருந்து லோடு ஏற்றிய லாரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறது. பார்ப்பவருக்குத் தார்ச்சாலை அசைந்ததாகவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சாலை துளி அமுங்கி மீள்கிறது. அப்போது தார் அடுக்கின் மேல்புறம் நெருக்கப்படும், அடிப்புறம் இழுபடும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிற மாதிரி, லட்சக்கணக்கான இழுப்புகளுக்குப் பிறகு அடியில் வெடிப்பு விடும். அது மேலே வந்து கண்ணில் படும்போது காரியம் முற்றியிருக்கும்.

இந்த இழுப்பை அளக்க, சாலை போடும்போதே உணரிகளைப் புதைக்கிறார்கள். ஜல்லி அடுக்கின் மேல், தார்க்கலவை விழுமுன், 'எச்' எழுத்து வடிவத்தில் ஒரு சிறு கருவி வைக்கப்படுகிறது. அதன் நடுத்தண்டில் மெல்லிய மின்தடை இழை இருக்கும். தார் இழுபட்டால் இழையும் நீளும், மின்தடை மாறும். சுமார் 150 டிகிரி சூட்டில் கொட்டும் கலவையையும் அதன்மேல் உருளும் ரோலரையும் தாங்கிப் பிழைத்த பிறகே அதற்கு வேலை தொடங்குகிறது. அளப்பதோ மிகச் சிறியது: ஒரு மீட்டர் நீளத்துக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு இழுப்பு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி நொடிக்கு 17 மீட்டர் ஓடிவிடும் என்பதால், நொடிக்குப் பல நூறு தடவை பதிவெடுக்க வேண்டும்.

கீழே மண்ணில் வட்டத் தட்டு போன்ற அழுத்த உணரி, அங்கு வந்து சேரும் பாரத்தைச் சொல்லும். கூடவே வெப்பமானியும் ஈரமானியும் வேண்டும். வெயிலில் தார் இளகினாலும், மழையில் மண் நனைந்தாலும், அதே லாரி கூடுதலாக வளைக்கும்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1994 முதல் இயங்கும் 'எம்என்ரோட்' சோதனைச் சாலையில் இத்தகைய உணரிகள் ஆயிரக்கணக்கில் புதைந்துள்ளன. நம் நாட்டு விதிநூலான ஐஆர்சி 37-ம் தார் அடியின் இழுப்பு, மண் மேற்பரப்பின் அமுக்கம் ஆகிய இரண்டையும் வைத்தே சாலையின் கனத்தைத் தீர்மானிக்கிறது. கணக்கில் வந்த இழுப்புதான் நிஜச் சாலையிலும் வருகிறதா என்று சரிபார்க்க உணரி உதவுகிறது.

பாரம் கூடினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958–60இல் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து ஒரு விதி கிடைத்தது: சேதம் ஏறக்குறைய அச்சுப் பாரத்தின் நான்காம் படியாக ஏறும். இந்தியாவில் 2018இல், நான்கு டயர் அச்சுக்கு அனுமதித்த பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. பாரம் 13 சதவீதம்தான் கூடியது. அந்த விதிப்படி சேதம் சுமார் 60 சதவீதம் கூடும். சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணினால் மட்டும் போதாது. ஒவ்வோர் அச்சும் எத்தனை டன் என்று தெரிந்தால்தான் அந்தச் சாலையின் ஆயுளைச் சொல்ல முடியும்.