நவம்பர் 9: பெர்லின் சுவர் திறந்த நாளை ஜெர்மனி ஏன் தேசிய தினமாகக் கொண்டாடுவதில்லை?

பெர்லின் சுவர் திறக்கப்பட்டது 1989 நவம்பர் 9 இரவு. ஜெர்மானியர்கள் சுவர் மேலேயே ஏறி நின்று ஆடிப்பாடிய காட்சிகளை உலகமே டிவியில் பார்த்தது. அப்படின்னா அந்த நாட்டின் தேசிய தினம் நவம்பர் 9 ஆகத்தானே இருக்கணும்? ஆனால் ஜெர்மனி கொண்டாடுவது அக்டோபர் 3.

காரணம், அதே தேதியில் நடந்த வேறு சில சம்பவங்கள். அவற்றில் ஒன்று, அந்த நாடு தலைகுனிந்து நிற்கும் சம்பவம்.

1918: ஒரே நாளில் இரண்டு குடியரசு

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோல்வியின் விளிம்பில் இருந்தது. நவம்பர் 9 அன்று பெர்லின் தெருக்களில் தொழிலாளர்களும் ராணுவ வீரர்களும் திரண்டனர். மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் அப்போது நகரத்திலேயே இல்லை. பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் இருந்த ராணுவத் தலைமையகத்தில் இருந்தார். அவர் சம்மதிக்கும் முன்பே, மன்னர் பதவி விலகிவிட்டதாகப் பிரதமர் மாக்ஸ் ஃபான் பாடன் அறிவித்துவிட்டார்.

மதியம் சுமார் 2 மணிக்கு, நாடாளுமன்றக் கட்டடத்தில் இருந்து ஜெர்மனி இனி குடியரசு என்று அறிவித்தார் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பிலிப் ஷைடமான். சுமார் இரண்டு மணி நேரத்தில், அரண்மனைப் பக்கம் இருந்து சோஷலிசக் குடியரசை அறிவித்தார் கார்ல் லீப்னெக்ட். நிலைத்தது முதல் அறிவிப்புதான். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 11-ல் போர்நிறுத்தம் கையெழுத்தானது.

இந்த வரிசைதான் பிறகு வினையானது. 'ராணுவம் தோற்கவில்லை, உள்ளே இருந்தவர்கள் முதுகில் குத்திவிட்டார்கள்' என்ற பொய்யை வலதுசாரிகள் பரப்பினர். குடியரசை உருவாக்கியவர்களுக்கு 'நவம்பர் குற்றவாளிகள்' என்று பட்டமும் கட்டினர்.

1923: மியூனிக்கில் ஹிட்லரின் முயற்சி

இது பெர்லினில் நடக்கவில்லை. ஆனால் குறி பெர்லின் ஆட்சிதான். குடியரசின் ஐந்தாவது ஆண்டு நாளில், ஹிட்லரும் ஆதரவாளர்களும் மியூனிக் நகரில் ஆயுதங்களோடு ஊர்வலம் போனார்கள். போலீஸார் மறித்தபோது துப்பாக்கிச் சூடு. போலீஸார் 4 பேர் உயிரிழந்தனர். ஹிட்லர் தரப்பில் பலர் பலியாகினர், கிளர்ச்சி தோற்றது. ஹிட்லருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் தண்டனைக்குப் பிறகு சிறையில் ஓராண்டு கூட முழுசாக இல்லை.

1933-ல் ஆட்சியைப் பிடித்த பிறகு, இதே நாளை நாஜிகள் ஆண்டுதோறும் 'தியாகிகள் தினம்' போல அனுசரித்தனர்.

1938: எரிந்த வழிபாட்டுத் தலங்கள்

அந்த நினைவுக் கூட்டத்துக்காக நாஜி தலைவர்கள் மியூனிக்கில் கூடியிருந்த இரவு அது. பாரிஸில் யூத இளைஞர் ஒருவரால் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதையே சாக்காக வைத்து, யூதர்களுக்கு எதிராக ஆட்களைத் தூண்டிவிட்டார் பிரசார அமைச்சர் கோயபல்ஸ்.

நாடு முழுவதும் 1,400-க்கும் அதிகமான யூத வழிபாட்டுத் தலங்கள் தாக்கப்பட்டன. சுமார் 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்கள் வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். சேதத்துக்கு அபராதம் என்று 100 கோடி மார்க்கை யூதர்கள் தலையிலேயே கட்டியது அரசு.

பெர்லினில் ஃபாசானென் தெருவில் இருந்த பெரிய வழிபாட்டுத் தலம் எரிந்தது. ஓரானியன்பர்கர் தெருவில் இருந்த தலம் அன்று பிழைத்தது. வில்ஹெல்ம் க்ரூட்ஸ்ஃபெல்ட் என்பவரின் தலைமையில் இயங்கிய உள்ளூர் காவல் நிலையத்தார், அது பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று சொல்லித் தீ வைத்த கும்பலைத் தடுத்தனர்; தீயணைப்பு வண்டியும் வரவழைக்கப்பட்டது. அதன் தங்க நிறக் குவிமாடத்தை இன்றும் பார்க்கலாம்.

1989: வாய் தவறி வந்த அறிவிப்பு

1961 ஆகஸ்ட் 13-ல் எழும்பத் தொடங்கிய சுவர், சுமார் 155 கி.மீ. நீளத்துக்கு மேற்கு பெர்லினைச் சுற்றி நின்றது. அங்கே குறைந்தது 140 பேர் உயிரிழந்தனர்.

நவம்பர் 9 மாலை, கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சிப் பிரமுகர் குண்டர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர்களைச் சந்தித்தார். புதிய பயண விதிகள் பற்றிய தாளைப் படித்தார். மறுநாள்தான் வெளியிட வேண்டிய தகவல் அது; அவருக்கு அது தெரியாது. எப்போது அமலுக்கு வரும் என்று கேட்டதும், தாளைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்று சொல்லிவிட்டார்.

செய்தி டிவியில் வர, மக்கள் எல்லைச் சாவடிகளில் குவிந்தனர். காவலர்களுக்கோ எந்த உத்தரவும் இல்லை. போர்ன்ஹோல்மர் தெரு சாவடியில் பொறுப்பில் இருந்த ஹரால்ட் யேகர் மேலிடத்துக்குப் போன் மேல் போன் போட்டும் தெளிவான பதில் வரவில்லை. இரவு சுமார் 11.30 மணிக்கு, யாருடைய உத்தரவும் இல்லாமல் கதவைத் திறக்கச் சொன்னார். ஒரு துப்பாக்கி கூட வெடிக்கவில்லை.

எல்லாம் தற்செயலா?

இல்லை. 1918-ன் மீதான வெறுப்பில் 1923 வந்தது. 1923-ன் நினைவுக் கூட்டத்தில் 1938 கிளம்பியது. இந்த மூன்றும் ஒரே சங்கிலி. 1989 மட்டுமே தற்செயல்.

1990-ல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது, நவம்பர் 9-ஐ தேசிய தினமாக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் யூதர்கள் மீது தாக்குதல் நடந்த நாளில் வாணவேடிக்கை விடுவது எப்படி? அதனால், இணைப்பு சட்டப்படி நடைமுறைக்கு வந்த அக்டோபர் 3 தேர்வானது.

இன்றும் நவம்பர் 9 அன்று பெர்லினில் இரண்டும் நடக்கிறது. பெர்னாவர் தெருவில் சுவரின் நினைவிடத்தில் நிகழ்ச்சி நடக்கும். இன்னொரு பக்கம், நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் பெயர் பொறித்து நடைபாதையில் பதித்த சிறு பித்தளைக் கற்களை, மக்கள் குனிந்து துடைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள்.