எட்டு வருடக் கணக்கு

“ப்ளஸ் டூ முடிச்சாச்சுன்னா நேரா மெடிக்கல்ல சேர்க்க வேண்டியதுதானே, நடுவுல எதுக்கு இன்னொரு காலேஜ்?” என்று மதுரையிலிருந்து மதினி கேட்டார். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி, எடிசனில். அமெரிக்காவில் பள்ளியிலிருந்து நேராக மருத்துவத்துக்குப் போகும் இணைப்புப் படிப்புகள் சில உண்டு; அதில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மற்றவர்கள் முதலில் நான்கு வருடம் ஏதாவதொரு பட்டம் படிக்க வேண்டும். கூடவே உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களையும் முடிக்க வேண்டும். இதைத்தான் ப்ரீமெட் என்கிறார்கள். அப்புறம் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, மருத்துவக் கல்லூரி நான்கு வருடம், ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி மூன்றிலிருந்து ஏழு வருடம்.

“அம்மாடி, அதுக்கு எவ்வளவு ஆகும்?” என்றார் மதினி. எங்கள் வீட்டிலும் அதுதான் பேச்சாக இருந்தது.

மகளுக்கு இரண்டு இடங்களில் அட்மிஷன் வந்திருந்தது. ஒன்று ரட்கர்ஸ், எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம். உள்ளூர் மாணவர்களுக்கு விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 35,000 டாலரை ஒட்டி ஆகும். ஸ்காலர்ஷிப் போக எங்களுக்கு 25,000. இன்னொன்று பாஸ்டன் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. அவர்கள் கொடுத்த சலுகை போக 70,000. அவள் மனம் முழுக்க பாஸ்டனில்தான்.

ஆண்டுக்கு 45,000 வித்தியாசம். நான்கு வருடத்துக்கு 1,80,000. பணமே இல்லாவிட்டால் பேச்சே இல்லை. எங்களிடம் பதினேழு வருடமாகச் சேர்த்த 529 கல்விச் சேமிப்புக் கணக்கு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டால் பாஸ்டனைச் சமாளித்துவிடலாம். சிக்கலே அங்கேதான் வந்தது. சமாளித்தால் கணக்கு துடைத்தாற்போலாகிவிடும், பெரிய செலவோ அதற்குப் பிறகுதான் தொடங்கும். தனியார் மருத்துவக் கல்லூரியில் நான்கு வருடத்துக்கு மூன்றரை லட்சம் டாலரைத் தாண்டுகிறது. அரசுக் கல்லூரியில் அதைவிடக் குறைவு, ஆனாலும் மலிவு இல்லை.

முன்பெல்லாம் அந்தச் செலவு முழுவதையும் மத்திய அரசின் கடனிலேயே எடுத்துவிடலாம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான் உச்சவரம்பு. மிச்சத்துக்குக் குடும்பப் பணமோ தனியார் வங்கிக் கடனோதான் கதி. அரசுக் கடனுக்கே வட்டி 8 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது, அதுவும் வாங்கிய நாளிலிருந்தே ஏறத் தொடங்கும். ரெசிடென்சியில் கிடைக்கும் சம்பளத்தில் அசலைத் தொடக்கூட முடியாது. 529 கணக்கில் மிஞ்சுவதை மருத்துவக் கல்லூரிக் கட்டணத்துக்கும் எடுக்கலாம் என்பதால், இப்போது பிடித்து வைக்கும் ஒவ்வொரு டாலரும் அப்போது வாங்க வேண்டாத கடன்.

ஆனால் கணக்கை மட்டும் காட்டி ஒரு பதினேழு வயதுப் பெண்ணை வாயடைப்பது நியாயமில்லை என்றும் எனக்குப் பட்டது. சாப்பாட்டு மேஜையில் ஒரு நோட்டை விரித்து, பாஸ்டன் ஏன் பிடித்திருக்கிறது என்று எழுதச் சொன்னேன். “கிளாஸ்ல இருபது பேர்தான்மா. ப்ரொஃபசருக்கு நம்ம பேர் தெரியும்” என்பது முதல் வரி. ஆராய்ச்சிக்கூடம், பக்கத்திலேயே ஆஸ்பத்திரிகள், நகரம், சிநேகிதி ஒருத்தி என்று பட்டியல் நீண்டது.

முதல் வரியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்து, இருபத்துமூவாயிரம் பேர் அளவில்தான் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். தேர்வுக்குழு பார்ப்பது ஜிபிஏ, 528-க்கு வாங்கிய எம்கேட் மதிப்பெண், நோயாளிகளோடு பழகிய அனுபவம், பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள். கல்லூரிப் பெயருக்கும் ஓரளவு மதிப்பு உண்டுதான். ஆனால் பெரிய பெயருள்ள இடத்தில் வாங்கிய சுமாரான ஜிபிஏ-வை அந்தப் பெயர் காப்பாற்றிவிடும் என்று நம்பிப் பணம் கட்டுவதை நான் சூதாட்டம் என்பேன். எம்கேட் எல்லோருக்கும் ஒரே தேர்வு. பரிந்துரைக் கடிதத்துக்கு மட்டும் நம்மைத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். முந்நூறு பேர் உட்காரும் கெமிஸ்ட்ரி ஹாலில் அது தானாக நடக்காது, நாமாக நடந்துபோய் ப்ரொஃபசரின் கதவைத் தட்ட வேண்டும்.

ரட்கர்ஸிலும் கிடைக்கக்கூடியதை அவளே கோடு போட்டு அடித்தாள். ஹானர்ஸ் காலேஜில் சிறிய வகுப்புகள் உண்டு. நியூ பிரன்ஸ்விக்கில் பல்கலைக்கழகத்தை ஒட்டியே ராபர்ட் வுட் ஜான்சன் ஆஸ்பத்திரி. கடைசியில் அடிபடாமல் நின்றவை பாஸ்டன் நகரமும் சிநேகிதியும். அவையும் விருப்பம்தான், நான் சிரிக்கவில்லை. ஆனால் அதற்கு 1,80,000 டாலரா?

இன்னொன்றையும் சொன்னேன், அவளுக்குப் பிடிக்கவில்லை. ப்ரீமெட் என்று சேருகிறவர்களில் நிறையப் பேர் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியோடு வேறு வழி பார்த்துக்கொள்கிறார்கள். அது தோல்வி இல்லை, பத்தொன்பது வயதில் மனசு மாறத்தான் செய்யும். அப்படி மாறும்போது, கடன் இருக்கிறதே என்பதற்காக டாக்டராக வேண்டிய நிலை வரக்கூடாது.

இதை வைத்து மாநிலக் கல்லூரிதான் எல்லோருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கல்லூரி போடும் விலைப்பட்டியல் வேறு, ஒரு குடும்பம் கட்டுவது வேறு. ஹார்வர்டு, ஆண்டு வருமானம் 2,00,000 டாலருக்குள் உள்ள குடும்பங்களுக்கு 2025-லிருந்து கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. 1,00,000 டாலருக்குள் என்றால் விடுதி, சாப்பாடும் இலவசம். குறைந்த வருமானக் குடும்பத்துக்குப் பெரிய பெயரே மலிவாக வருவது இங்கே சகஜம். எங்களைப் போல இரண்டு ஐடி சம்பளம் வாங்குகிறவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்வது. சலுகையைக் கூட்டித் தரச் சொல்லி மேல்முறையீட்டுக் கடிதம் எழுதலாம், பாஸ்டனுக்கு எழுதினேன். 4,000 டாலர் கூட்டினார்கள். வித்தியாசம் 15,000-க்குள் இறங்கியிருந்தால் பாஸ்டனுக்கே அனுப்பியிருப்பேன்.

மே 1-க்கு முன் ரட்கர்ஸுக்கு முன்பணம் கட்டினோம், அவள் ஒரு நிபந்தனை போட்ட பிறகு. வீட்டிலிருந்து கல்லூரிக்குக் காரில் இருபது நிமிடம். விடுதிக்குப் போகாவிட்டால் ஆண்டுக்குப் பதினாலாயிரம் மிச்சம் என்று நான் வாயெடுப்பதற்குள், “ஹாஸ்டல் இல்லேன்னா ரட்கர்ஸும் இல்ல” என்றாள். அவள் அப்பா என்னைப் பார்த்தார். ராத்திரி பதினொன்று வரை சேர்ந்து படிக்கிற கூட்டமும், விடிகாலை ஆஸ்பத்திரித் தன்னார்வ வேலையும், தன் துணியைத் தானே துவைப்பதும் வீட்டிலிருந்து போய்வந்தால் நடக்காது. அந்தப் பதினாலாயிரத்துக்கு நான் வாதாடவில்லை.