டீச்சருக்கு ஒரு சைக்கிள்... அளவெடுத்து!

பெரம்பூரில் எங்கள் தெருவில் 'டீச்சர்' என்றால் ஒருவர்தான். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பாடம் எடுத்து ரிடையர் ஆனவர். உயரம் நாலடி பத்து அங்குலம். போன வருஷம் சர்க்கரை எட்டிப் பார்த்தது. "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா, முடியலைன்னா சைக்கிள் ஓட்டுங்க" என்றார் டாக்டர். நடந்தால் குதிகால் வலி. சரி சைக்கிள்தான் என்று முடிவு செய்து, கடையில் நல்லதாக ஒன்றை வாங்கியும் விட்டார். புடவையிலிருந்து சுடிதாருக்கு மாறவே ஒரு வாரம் பிடித்தது, அது வேறு கதை!

மூன்றாவது வாரம் பார்த்தால், சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. மேலே ஒரு பழைய பெட்ஷீட்.

"என்ன டீச்சர், அதுக்குள்ள விட்டுட்டீங்க?"

"பத்து நிமிஷம் ஓட்டினா முழங்கால் முன்பக்கம் வலிக்குதுப்பா. கழுத்து பிடிச்சுக்குது. சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப் போகுது. வயசாச்சு, இனிமே நமக்கு ஒத்து வராதுன்னு விட்டுட்டேன்."

நம் வீடுகளில் இப்படி எத்தனை சைக்கிள்கள் படிக்குக் கீழே தூங்குகின்றன! பழியை வயதின் மேல் போடுகிறோம். ஆனால், பல நேரம் குற்றவாளி ஃப்ரேம்தான்.

யோசித்துப் பாருங்கள். நம் அப்பா காலத்து சைக்கிளில் 22 அங்குலம், 24 அங்குலம் என்று இரண்டே அளவுதான் பெரும்பாலும். சீட்டைத் தாங்கும் குழாயின் நீளம் அது. இங்கிருந்து ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளியிருக்கும் அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸாகட்டும், வேறு எதுவாகட்டும், தொழிற்சாலை என்றால் நடுத்தர உடம்பை மனதில் வைத்து சில அளவுகளில்தான் செய்ய முடியும். கால் எட்டாத பையன்கள் என்ன செய்தார்கள்? பாருக்கு அடியில் காலை விட்டு 'குரங்கு பெடல்' அடித்தார்கள். பத்து வயதில் உடம்பு வளைந்து கொடுத்தது. அறுபதில் கொடுக்குமா?

"நானே வெட்டி ஒட்டறேன்!"

டீச்சரின் கணவர் ஐ.சி.எஃப்.பில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு தொடங்கி வைத்த தொழிற்சாலையாயிற்றே, அந்தப் பெருமை அவருக்கு இன்னும் குறையவில்லை. "ரயில் பெட்டியையே ஒட்டினவன்யா நான். இந்தக் குழாயில ரெண்டு அங்குலம் வெட்டி ஒட்ட மாட்டேனா?" என்று கிளம்பிவிட்டார்.

தயவு செய்து இதை யாரும் செய்யாதீர்கள். அதன் காரணம் அவருக்கே தெரியும். சைக்கிளைத் தட்டிப் பார்த்ததும் முகம் மாறியது. அது அலுமினியம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அலுமினியத்தின் பதம் போய்விடும். தொழிற்சாலையில் ஒட்டி முடித்தபின் ஃப்ரேமை மறுபடி சூளையில் வைத்துப் பதம் ஏற்றுகிறார்கள். வீட்டு வாசலில் அது நடக்காது. எஃகு ஃப்ரேம் என்றாலும், நல்ல வண்டிகளின் குழாய் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ஒட்டு விட்டுப்போனால் ஓட்டுகிறவர் முகம் குப்புற விழ வேண்டியதுதான். "வேணாம்பா, இது என் வேலையில்ல" என்று ஸ்பானரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். மனிதர் அங்கேதான் என் மனதில் உயர்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அளவெடுப்பு நடந்தது. டீச்சர் செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்றார். ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துகிற அளவுக்கு மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டார். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை 66 சென்டிமீட்டர். இதை 0.883-ஆல் பெருக்க வேண்டும். 1980-களில் பிரான்சின் பயிற்சியாளர் சிரில் கிமார், கிரெக் லெமாண்ட் போன்ற வீரர்களுக்குப் பயன்படுத்திய கணக்கு இது. டீச்சர் பேப்பர் பேனா இல்லாமலே சொன்னார்: "அம்பத்தெட்டேகால்." பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அவ்வளவு இருக்க வேண்டும். இருந்ததோ 54!

"ரெண்டு காலும் தரையில ஊனணும்னு நான்தாங்க இறக்கி வெக்கச் சொன்னேன்" என்றார் டீச்சர், கணவரைப் பார்த்து.

பெண்கள் நிறையப் பேர் செய்யும் தவறு இது. சீட் தாழ்ந்தால் முழங்கால் அதிகமாக மடங்கிய நிலையிலேயே மிதிக்கும். முழங்கால் சில்லு அழுத்தப்பட்டு, முன்பக்கம் வலிக்கும். பெடல் கீழே இருக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வரை மடிப்பு இருந்தால் போதும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். ஒரேயடியாக உயர்த்தாமல், சில நாளைக்கு ஒரு முறை அரை அரை சென்டிமீட்டராக ஏற்றினார் சார். இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடுகிறதா என்று பின்னாலிருந்து பார்த்துக்கொண்டார். ஆடினால் உயரம் அதிகம் என்று அர்த்தம். முழங்கால் வலி போயே போய்விட்டது.

ஆனால், கை மரத்துப் போவது நிற்கவில்லை. சீட் உயர்ந்ததில் ஹேண்டில்பார் இன்னும் தாழ்வாக, இன்னும் தூரமாகப் போய்விட்டது. உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கி, சுண்டு விரலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. கை எட்டவில்லையே என்று சீட்டை முன்னால் தள்ளாதீர்கள், மறுபடி முழங்கால் கெடும். ஹேண்டிலைத் தாங்கும் தண்டைக் குட்டையாக மாற்றினோம், ஹேண்டிலை உயர்த்தினோம். பாதி குணம்.

நடுவில் ஒரு முக்கியமான விஷயம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கை கால் மரத்துப் போனால், முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும். ராத்திரி படுத்திருக்கும்போதும் மரத்தால், பாதத்திலும் எரிச்சல் இருந்தால், அது சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறாக இருக்கலாம். டீச்சர் பரிசோதனை செய்துகொண்டார். நல்லவேளை, நரம்பு நன்றாகவே இருந்தது. இன்சுலின் அல்லது சில வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் பையில் நாலு மிட்டாய் இல்லாமல் சைக்கிளில் ஏறவே கூடாது என்று அங்கேயே எச்சரித்தும் அனுப்பினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் பயமுறுத்திவிட்டது. பேப்பர் மில்ஸ் ரோடு பக்கம் ஒரு திருப்பத்தில், மெதுவாக வளைக்கும்போது டீச்சரின் கால் கட்டைவிரல் முன் சக்கரத்தில் இடித்தது. பின்னால் ஆட்டோ. விழாமல் தப்பியது புண்ணியம்.

இதை எந்த ஸ்பானராலும் சரிசெய்ய முடியாது. சின்ன ஃப்ரேமில் பெரிய சக்கரத்தைத் திணித்தால் பாதத்துக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி போதாது. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பெண் என்ஜினீயர், 1985-ல் பெண்களுக்கென்றே சைக்கிள் கம்பெனி ஆரம்பித்தபோது இதற்குத்தான் வழி கண்டார். குள்ளமானவர்களுக்கான ஃப்ரேமில் முன் சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாகச் சிறிதாக்கினார். ஜப்பானிலோ 1987-லேயே பேனசோனிக், கடையில் வாடிக்கையாளரை அளந்து, அந்த அளவுக்கு சைக்கிள் செய்து இரண்டே வாரத்தில் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

நம் நாட்டிலும் எஃகுக் குழாயில் ஆளுக்கு ஏற்றபடி ஃப்ரேம் செய்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். விலை? புது ஸ்கூட்டருக்கு ஆகும் பணம் ஆகலாம். மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அதனால், எல்லோரும் ஓடாதீர்கள். சராசரி உயரம் உள்ளவர்களுக்கு சீட்டையும் ஹேண்டிலையும் சரிசெய்தாலே போதும். ரொம்பக் குள்ளமானவர்கள், ரொம்ப உயரமானவர்கள், போலியோவாலோ எலும்பு முறிவாலோ ஒரு கால் குட்டையானவர்கள்... இவர்கள்தான் யோசிக்க வேண்டும். அவர்களும் முதலில் முன்னே பின்னே நகர்த்தக்கூடிய அளவு வண்டியில் உட்கார்ந்து பார்த்து, எந்த நிலை ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்தபின் ஆர்டர் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் 24 அங்குல சைக்கிளையும் டீச்சர் ஓட்டிப் பார்த்தார். கை சுகமாக எட்டியது, கால் இடிக்கவில்லை. மெலிந்தவர் என்றால், அதுவே போதும் என்று நான் சொல்லியிருப்பேன். ஆனால் டீச்சரின் எடை 72 கிலோ. பள்ளிக்கூடப் பிள்ளையின் எடைக்குச் செய்த பிரேக்கும் சக்கரமும் அது. ஆனாலும், அந்த ஓட்டத்தில் ஹேண்டில் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அந்த அளவைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்துக்கொண்டார்.

"ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு பணமா?" என்று இழுத்தார் சார்.

"ரவிக்கைக்கு அளவு கொடுத்துட்டு, கைக்குழி சரியில்லைன்னா திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கறோம் இல்லீங்க? முப்பது வருஷமா ரெடிமேடு எனக்கு சேர்ந்ததே இல்ல. இது என் பென்ஷன் பணம், என் முழங்கால்."

சார் அப்புறம் பேசவில்லை. அளவு நாடாவை எடுத்து வந்தார். ஃப்ரேம் செய்பவர் அனுப்பிய படிவத்தில் கை நீளம், தோள் அகலம், எடை, எங்கே வலிக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வொன்றாக நிரப்பினார்கள். முழங்கால் நிலையைப் பார்க்க சார் நூலில் நட்டைக் கட்டித் தூக்குக்குண்டே செய்துவிட்டார்! முழங்கால் சில்லுக்குக் கீழே பிடித்தால் நூல் பெடல் அச்சைத் தொட்டுத் தொங்க வேண்டுமாம்.

கடைசிக் கேள்வி, நிறம். "நீலம்னு போடு, நம்ம பெட்டி கலர்" என்றார் சார்.

"நீங்க வேலைக்குச் சேர்ந்தப்போ பெட்டியெல்லாம் மெரூன்தானே?" என்று கேட்டுக்கொண்டே டீச்சர் மெரூன் என்று எழுதினார்.