தும்மலுக்கு மாத்திரை, கொழுப்புக்கும் மாத்திரை: பயம் எங்கே வேண்டும்?

கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தும்மலும் மூக்கொழுக்கும் வந்தால், பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். இரண்டு மருந்தும் சேரக்கூடாது என்று பயந்து கொழுப்பு மாத்திரையை நிறுத்துகிறார்கள். அல்லது சளி மாத்திரைதானே என்று கடையில் கொடுத்ததை விழுங்குகிறார்கள். முதல் பயம் வீண். கொழுப்பு மாத்திரைகளான அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் இரண்டையும் கல்லீரலிலும் குடலிலும் சிதைப்பது சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதி. தும்மலுக்குத் தரும் செட்டிரிசினோ பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் போய்விடுகிறது; பெக்ஸோபெனாடினும் மிகக் குறைவாகவே சிதைகிறது. அதனால் இவற்றுக்கும் கொழுப்பு மருந்துக்கும் பொதுவாக மோதல் இல்லை.

அலர்ஜி மாத்திரையே இதயத்தைப் பாதித்த வரலாறு உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. டெர்ஃபெனடின் என்ற மாத்திரையும் அதே நொதியால்தான் சிதைந்தது. எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகள் அந்த நொதியைத் தடுத்தபோது, டெர்ஃபெனடின் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைத்தது. 1998-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்தே அது விலகியது. அதன் இடத்துக்கு வந்த பெக்ஸோபெனாடின், டெர்ஃபெனடினை நம் உடல் மாற்றித் தரும் பொருள்தான். ஆக, நொதியைத் தடுக்கும் மருந்தைத்தான் கவனிக்க வேண்டும். மூக்கடைப்பு முற்றி சைனஸ் தொற்றானால் சிலருக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. அது அதே நொதியைத் தடுக்கும்; சிம்வாஸ்டாட்டின் ரத்தத்தில் ஏறித் தசைகள் சிதையலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். காரணமில்லாத தசைவலியோ, காபி டிக்காஷன் நிறத்தில் சிறுநீரோ வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்தது, சளிக்குக் கடையில் கொடுக்கும் கூட்டு மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பினைலெப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். கொழுப்புள்ள பலருக்குப் பி.பி.யும் இருக்கிறது. குளோர்பெனிரமின் தூக்கத்தைத் தரும்; வயதானவர் தடுக்கி விழவும், சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் காரணமாகலாம். வெறும் தும்மலுக்கு இந்த மூன்றும் எதற்கு?

ஒரு தும்மலுக்கெல்லாம் டாக்டரைத் தேடிப் போக முடியுமா என்பது நியாயமான கேள்வி. தேவையில்லை, கொழுப்பு மாத்திரை அட்டையை மருந்தாளுநரிடம் காட்டி, ஒரே மருந்துள்ள மாத்திரையாகக் கேட்டாலே பாதிச் சிக்கல் தீரும். ஆன்டிபயாடிக் எழுதும் டாக்டரிடமும் அதே அட்டையைக் காட்டுங்கள். சில நாள் கொழுப்பு மாத்திரையை நிறுத்த வேண்டுமென்றால் அதை அவர் சொல்லட்டும். மாரடைப்பைத் தள்ளிவைக்கும் அந்த மருந்தை நாமே நிறுத்தக்கூடாது.